மூன்றாவது ஆபரேஷனா, முதுகில் மெஷினா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52 வயது. விசைத்தறி வைத்திருக்கிறோம். 2019-ல் இடுப்பில் ஜவ்வு விலகி ஆபரேஷன் செய்தோம். கொஞ்ச நாள் நன்றாக இருந்தார். மறுபடி வலி வந்து, 2022-ல் அதே எல்4–எல்5 இடத்தில் (கீழ்முதுகின் நாலாவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவில்) ஸ்க்ரூ வைத்தார்கள். இப்போது முதுகு வலி சமாளிக்கிற அளவில் இருக்கிறது. ஆனால் இடது பக்கம் புட்டத்தில் ஆரம்பித்து, தொடை, கெண்டைக்கால் வழியாகப் பெருவிரல் வரை திகுதிகுவென்று எரிகிறது என்கிறார். வேட்டி உரசினால்கூடத் தாங்கவில்லை. இரவில் பிரிகாபலின் 75 ஒன்று, முடியாத அன்று டிராமடால். சர்க்கரையும் உண்டு, மூன்று மாத சராசரி 9.1. நரம்பைச் சுற்றித் தழும்பு இருக்கிறது, திறந்து எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு டாக்டர். முதுகுக்குள் கரண்ட் மெஷின் வைக்கலாம், எட்டு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார் இன்னொருவர். தண்டுவடத்தில் கரண்ட் விட்டால் கால் விழுந்துவிடும் என்று என் அண்ணன் பயமுறுத்துகிறார். தோட்டத்தில் அரை ஏக்கரை விற்று மெஷின் வைத்துவிடலாமா?
– நாமக்கல் மாவட்ட வாசகி

பதில்: சகோதரி, நிலத்துக்கு இப்போதே விலை பேச வேண்டாம். மெஷின் வேண்டாம் என்று சொல்லவரவில்லை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அது உதவக்கூடியவர்களில் உங்கள் கணவரும் ஒருவர் என்றே தோன்றுகிறது. ஆனால் அதற்கு முன் நடந்திருக்க வேண்டிய சில வேலைகள் நடக்கவில்லை. அதுவும் உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

கடிதத்தில் எனக்கு அதிகம் உதவியது ஸ்கேன் விவரமல்ல, "வேட்டி உரசினால்கூடத் தாங்கவில்லை" என்ற வரிதான். துணி படுவது வலியாகத் தெரிகிறது என்றால் அது நரம்பே அடிபட்டதால் வரும் வலி. அது போகும் பாதையும் அதையே சொல்கிறது. புட்டம், தொடை, கெண்டைக்கால், பெருவிரல் என்பது எல்5 நரம்பு வேரின் பாதை. எல்4–எல்5 ஜவ்வு பிதுங்கினால் பெரும்பாலும் நசுங்குவது அந்த வேர்தான். ஆபரேஷன் நரம்பின் மேலிருந்த அழுத்தத்தை எடுத்துவிடும். ஆனால் பல மாதம் நசுங்கிக் கிடந்த நரம்பு உள்ளுக்குள் கெட்டுப்போயிருந்தால், அழுத்தம் போன பிறகும் அது தானாகவே வலி சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். படத்தில் எல்லாம் சரியாகத் தெரியும், ஸ்க்ரூ நேராக இருக்கும், டாக்டரும் "ஆபரேஷன் சக்ஸஸ்" என்பார். அதைக் கேட்டுவிட்டு வீட்டில் உள்ளவர்களே "எல்லாம் மனசுதான்" என்று முணுமுணுக்க ஆரம்பிப்பார்கள். உங்கள் வீட்டில் அந்தப் பேச்சு கிளம்பியிருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள்.

சர்க்கரையாலும் கால் எரியும். ஆனால் அது பெரும்பாலும் இரண்டு பாதத்திலும், சாக்ஸ் போடுகிற அளவுக்கு ஒரே மாதிரி வரும். இவருக்கு ஒரு கால் மட்டும், அதுவும் மேலிருந்து கீழே இறங்குகிறது. ஆகவே முதல் காரணம் முதுகில்தான் இருக்கிறது. இருந்தாலும் வலது பாதத்திலும் எரிச்சலோ மரப்போ இருக்கிறதா என்று அவரை உட்காரவைத்து ஒருமுறை கேளுங்கள். பெரிய வலி இருக்கும்போது சின்ன வலியை யாரும் சொல்வதில்லை.

அடுத்து மூன்றாவது ஆபரேஷன். தழும்பை எடுப்பதற்காக மட்டும் திறப்பதில் எனக்கு உடன்பாடில்லை. எடுத்த இடத்தில் மறுபடி தழும்புதான் வளரும். ஒரே முதுகைத் திறக்கத் திறக்க, பலன் கிடைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. அமெரிக்காவில் பால்டிமோரில் இதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். 2005-ல் முடிவு வெளியானது. ஆபரேஷனுக்குப் பிறகும் வலி தீராதவர்களில் ஒரு பகுதியினருக்கு மறு ஆபரேஷன், மற்றவர்களுக்குத் தண்டுவடத் தூண்டுக் கருவி, அதாவது உங்களிடம் சொன்ன அந்தக் கரண்ட் மெஷின். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வலி பாதியாவது குறைந்து, திருப்தியாகவும் இருந்தவர்கள் கருவிப் பக்கம் 19 பேரில் 9 பேர். மறு ஆபரேஷன் பக்கம் 26 பேரில் 3 பேர்.

சின்ன ஆய்வுதான். கருவி பக்கத்திலும் பாதிப் பேருக்கு மேல் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதையும் அந்த எண்ணிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் தழும்புக்காகக் கத்தி எடுக்கும் முன் யோசிக்க வைக்கும் எண்கள் இவை.

மறுபடி திறந்தே ஆக வேண்டிய நிலைகளும் உண்டு. ஸ்க்ரூ தளர்ந்திருந்தால், உள்ளே கிருமி இருந்தால், ஜவ்வு மறுபடி பிதுங்கி நரம்பை நசுக்கினால், கால் பலம் நாளுக்கு நாள் குறைந்தால், அங்கே மெஷின் வைப்பது தவறு. அதனால்தான் முதலில் புது ஸ்கேன். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் 2022-க்குப் பிறகு மருந்து ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்ததாகத் தெரியவில்லை. ஊசி மூலம் கான்ட்ராஸ்ட் ஏற்றி எடுத்தால் தழும்பு பளிச்சென்று தெரியும், பிதுங்கிய ஜவ்வு அப்படித் தெரியாது; இரண்டையும் பிரிக்க அதுதான் வழி. சர்க்கரைக்காரர் என்பதால் அதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட வேண்டும். ஸ்க்ரூ பிடிமானத்தைப் பார்க்கக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயும், தேவைப்பட்டால் சி.டி.யும். இதெல்லாம் மெஷின் வைக்கும் முன்பே முடிய வேண்டும். வைத்த பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, உடம்பின் எந்தப் பகுதிக்கு எடுக்கலாம் என்பதெல்லாம் மாடலுக்கு மாடல் மாறும்.

மாத்திரை விஷயம். பிரிகாபலின் 75 இரவில் ஒன்று என்பது ஆரம்ப அளவு. அதிலேயே நிற்கிறவரைப் பார்த்து "மருந்து கேட்கவில்லை" என்று சொல்ல முடியாது. சிறுநீரகம் நன்றாக இருந்தால் படிப்படியாக ஏற்றலாம். தலைசுற்றல், தூக்கக் கலக்கம், கால் வீக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். டுலோக்செட்டின் என்ற மருந்தும் நரம்பு வலிக்கு, குறிப்பாகச் சர்க்கரைக்காரர்களுக்கு, நல்ல துணை. ஆனால் அதையும் டிராமடாலையும் சேர்த்துப் போடுவது ஆபத்தாக முடியலாம். எழுதிக் கொடுக்கும் டாக்டரிடம் இரண்டு சீட்டையும் காட்டுங்கள். பிரிகாபலினை ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. மருந்துக்கடையில் "நரம்புக்கு" என்று சொல்லி வாங்குகிற வைட்டமின் கலந்த மாத்திரையைப் பற்றி எழுதினால் பத்தி நீளும், விட்டுவிடுகிறேன்.

இனி மெஷின். 1965-ல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள், தண்டுவடத்தில் வலிக்கு ஒரு வாசல் இருக்கிறது, தொடுகையைக் கொண்டுபோகும் நரம்புகள் வேலை செய்தால் அந்த வாசல் சாத்திக்கொள்ளும் என்றார்கள். முட்டியில் இடித்துக்கொண்டதும் கை தானாகப் போய்த் தேய்க்கிறதே, அதுதான். இரண்டே ஆண்டில், 1967-ல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நார்மன் ஷீலி என்ற நரம்பு அறுவை நிபுணர், புற்றுநோய் வலியில் இருந்த ஒருவரின் தண்டுவடத்தில் மின்முனை வைத்துப் பார்த்தார். இன்று உங்களிடம் விலை சொல்லப்பட்டிருப்பது அதன் பேரப்பிள்ளை. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாதல்லவா, அந்த மாதிரி, மெல்லிய மின்துடிப்பு வலிச் செய்தியை அமுக்கிவிடுகிறது. (இந்த விளக்கம் பழைய வகைக் கருவிக்குத்தான் பொருந்தும். விநாடிக்குப் பத்தாயிரம் முறை துடிக்கும் புதுவகையில் நோயாளிக்கு எந்த உணர்வுமே தெரிவதில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.)

உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்: ஒயர் தண்டுவடத்துக்குள் போவதில்லை. தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே, எலும்புக்கும் உறைக்கும் நடுவில் உள்ள இடத்தில் படுத்திருக்கும். அதில் ஓடுவது சில மில்லி ஆம்பியர் மின்சாரம். அந்த மின்சாரத்தால் கால் விழாது. விழ வைக்கக்கூடியது வேறு: வைக்கும்போது அந்த இடத்தில் ரத்தம் கட்டுவதும், பிறகு சீழ் பிடிப்பதும். இரண்டும் அரிது, ஆனால் நடக்கக்கூடியவை. ரத்தத்தை இளக்கும் மாத்திரை, இதய மாத்திரை என்று எதைச் சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். எத்தனை நாள் முன் நிறுத்துவது என்று இதய டாக்டரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். சீழைத் தடுக்க உங்கள் கையிலேயே ஒரு வழி இருக்கிறது, சர்க்கரை. 9.1 வைத்துக்கொண்டு உடம்புக்குள் ஒரு வெளிப்பொருளைப் பொருத்த நான் சம்மதிக்க மாட்டேன். 7.5 பக்கம் வரட்டும். பீடி, சிகரெட் இருந்தால் அதுவும் போகட்டும்.

பலன் எவ்வளவு? இந்தக் கருவியைப் பொருத்துவது என் தொழில், அதை மனதில் வைத்தே இந்தப் பகுதியைப் படியுங்கள். 2007-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் கால் வலி தீராத 100 பேர் பங்கேற்றார்கள். ஆறு மாதத்தில் கால் வலி பாதியாவது குறைந்தவர்கள், கருவி வைத்தவர்களில் 48 சதவீதம். மருந்து, பயிற்சி மட்டும் எடுத்தவர்களில் 9 சதவீதம். எங்கள் துறையில் எல்லாரும் காட்டுகிற எண் இது. செலவைக் கருவி தயாரிக்கும் நிறுவனம் ஏற்றது என்பதையும், கருவி வைத்தவர்களுக்குத் தாங்கள் எந்தப் பக்கம் என்று தெரியும் என்பதையும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

2022-ல் நார்வேயிலிருந்து ஒரு சங்கடமான முடிவு வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு கால் வலியோடு இருந்த 50 பேர். எல்லாருக்கும் கருவி பொருத்தியாயிற்று. உணர்வு தெரியாத வகை மின்துடிப்பை மூன்று மூன்று மாதமாக ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். எப்போது ஓடுகிறது என்று நோயாளிக்குத் தெரியாது. நடக்க, உட்கார, வேலை செய்ய முடிவதில் இரண்டு காலத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அடுத்த ஆண்டு, முதுகு வலிக்கு இந்தக் கருவியை வைத்து நடந்த 13 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் குழுவும், போலி சிகிச்சையை விட இதனால் பெரிய நன்மை இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதியது. நார்வேயில் பயன்படுத்திய துடிப்பு முறை வழக்கமானது அல்ல என்று எங்கள் ஆட்கள் எதிர்வாதம் வைத்தார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, முழுவதும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் நான் ஏன் பொருத்துகிறேன்? ஒரு காலில் மட்டும் தெளிவான நரம்புப் பாதையில் எரிகிற வலி, முதுகு வலியை விடக் கால் வலி அதிகம், திருத்தக்கூடிய கோளாறு எதுவும் மிச்சமில்லை, மருந்தைச் சரியான அளவில் பார்த்தாயிற்று. இப்படிப்பட்டவர்களிடம் நல்ல மாற்றத்தைப் பார்க்கிறேன். முதுகு மட்டும் வலிக்கிறது என்று வருகிறவரிடம் அந்த அளவுக்குப் பார்ப்பதில்லை. எந்தச் சிகிச்சையை அரசு மருத்துவத்தில் தரலாம் என்று மதிப்பிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2008-ல் இதை அனுமதித்தபோதும், ஆறு மாதமாவது நீடித்த நரம்பு வலி, நூற்றுக்கு ஐம்பதாவது இருக்கும் வலி அளவு, வெள்ளோட்டத்தில் பலன் என்று கட்டிப்போட்டுத்தான் அனுமதித்தது.

அந்த வெள்ளோட்டத்தில்தான் உங்கள் அரை ஏக்கர் இருக்கிறது. டாக்டர்கள் அதை ட்ரையல் என்பார்கள். குப்புறப் படுக்கவைத்து, தோலை மரத்துப்போகச் செய்து, எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே ஊசி வழியாக மெல்லிய ஒயரை உள்ளே தள்ளி, நடுமுதுகு வரை மேலே கொண்டுபோவார்கள். மின்முனைகள் ஒயரின் நுனிப் பக்கம் வரிசையாக இருக்கும். பழைய வகை என்றால் அப்போது அவர் விழித்திருக்க வேண்டும். ஒருவர் கையில் டேப்லெட் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு மின்துடிப்பின் அளவை ஏற்றுவார். "எங்கே படுதுங்க?" "இடுப்புல." "இப்ப?" "தொடைக்கு வந்துருச்சு... கெண்டைக்கால்... இப்ப விரலுக்கு." வலி இருக்கிற இடம் முழுவதையும் அந்தச் சிலுசிலுப்பு மூடும்வரை ஒயரைக் கொஞ்சம் ஏற்றி இறக்குவார்கள். பிறகு முதுகில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, வெளியில் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். ஐந்து முதல் ஏழு நாள் வரை. குளிக்கக் கூடாது, துடைத்துக்கொள்ளலாம். குனிவது, திரும்புவது, பரணில் எட்டி எடுப்பது கூடாது, ஒயர் நகர்ந்துவிடும்.

ட்ரையலே இல்லாமல் நேராக வைத்துவிடலாம், ஒரே செலவாகப் போய்விடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2020-ல் டாக்டர்களுக்குக் கடிதமே எழுதியது, ட்ரையல் பார்க்காமல் பொருத்தாதீர்கள் என்று. ட்ரையலுக்கு மட்டும் எவ்வளவு, பலன் இல்லாவிட்டால் மீதிப் பணம் உண்டா என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

அந்த நாட்களில் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து உபசரிக்காதீர்கள். ஓய்வில் எல்லா வலியும் கொஞ்சம் குறையும். தறிக்கூடத்துக்குப் போகட்டும், பாவு ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். ட்ரையலுக்கு முந்தைய வாரமும் ட்ரையல் வாரமும் நீங்கள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை நிமிடம் ஒரே இடத்தில் நின்றார், இரவு எத்தனை முறை எழுந்தார், டிராமடால் எத்தனை போட்டார், வேட்டி உரசினால் முகம் சுளிக்கிறாரா. "எப்படி இருக்குங்க?" என்று டாக்டர் கேட்டால், பணம் கட்டியாயிற்று, இவ்வளவு பேர் மெனக்கெட்டார்கள் என்ற கூச்சத்தில் "பரவாயில்லைங்க" என்றுதான் நம் ஆட்கள் சொல்வார்கள். அந்தப் பரவாயில்லையை நம்பி நிலத்தை விற்கக் கூடாது. நோட்டில் வலி பாதியாவது இறங்கி, நிற்பதும் தூங்குவதும் கண்ணுக்குத் தெரிய மாறியிருந்தால் மேலே பேசலாம். முப்பது சதவீதம், நாற்பது சதவீதம் என்றால் வேண்டாம். மனநல நிபுணரையும் ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள், கோபப்பட வேண்டாம். தூக்கமின்மையும் மனச்சோர்வும் இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் கருவி நன்றாக எடுக்கும்.

வைத்த பிறகு வருவதையும் தெரிந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன 2007 ஆய்வில், ஓராண்டுக்குள் கருவியின் மின்துடிப்பைப் பெற்ற 84 பேரில் 27 பேருக்குக் கருவி தொடர்பான ஏதாவது சிக்கல் வந்தது: ஒயர் நகர்வது, கிருமி, பேட்டரி வைத்த இடத்தில் வலி. சிலருக்கு மறுபடி கீற வேண்டிவந்தது. சில ஆண்டுகளில் பலன் மெல்லத் தேய்வதும் உண்டு. சார்ஜ் செய்யாத பேட்டரி சில ஆண்டுதான் வரும், பிறகு மாற்ற ஒரு சின்ன ஆபரேஷன், மறுபடி செலவு. சார்ஜ் செய்வது விலை அதிகம். ஆனால் 52 வயதில் பத்து ஆண்டுக் கணக்கு போட்டால் அதுவே மலிவாக முடியலாம், இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு சார்ஜ் போட அவருக்குப் பொறுமை இருந்தால். விலையை விட முக்கியமாக, அளவைத் திருத்திக் கொடுக்கும் ஆள் எங்கே இருக்கிறார், கூப்பிட்டால் எத்தனை நாளில் வருவார் என்று கேளுங்கள். முதல் சில மாதம் அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும். அந்த ஆள் சென்னையில் மட்டும்தான் என்றால் பஸ் செலவையும் கணக்கில் சேருங்கள். காப்பீடு இருந்தால், கருவிக்கு எவ்வளவு தருவார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை உதவாது.

தறி மோட்டாருக்குப் பக்கத்தில் நடமாடுவதில் பயமில்லை, அதன் மேல் சாய்ந்துகொண்டு நிற்காமல் இருந்தால் போதும். வெல்டிங் வேலை மட்டும் வேண்டாம். ஊரில் பிசியோதெரபிக்குப் போய் "கரண்ட் வைக்கிற" பழக்கம் அவருக்கு இருந்தால், மெஷின் வைத்த பிறகு டயத்தெர்மி என்ற சூட்டு சிகிச்சை எந்தக் காரணத்துக்கும் கூடாது. அந்தச் சூடு ஒயர் வழியாகப் போய் உள்ளே தசையையும் நரம்பையும் சுட்டுவிடும். தோள் வலிக்கு என்று போனாலும் முதலில் கருவி அட்டையைக் காட்ட வேண்டும்.

ட்ரையலில் பலன் இல்லை என்றால் ஒயரை உருவிவிடுவார்கள், தையல் கிடையாது. அப்போதும் கை விரித்துவிட மாட்டோம்: மருந்தைச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது, நரம்பு வேர் பக்கத்தில் ஊசி, பயந்து அசைக்காமல் வைத்திருக்கும் காலைப் படிப்படியாக நடக்கப் பழக்குவது என்று வழி இருக்கிறது. வேலை மெதுவாக நடக்கும், ஆனால் நிலம் உங்களிடம் இருக்கும்.

இதற்கிடையே, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, மலம் தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கிச் செருப்பு கழன்று விழுந்தாலோ, காய்ச்சலோடு முதுகு வலி கூடினாலோ, மெஷின் பேச்சையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு அன்றே ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரியாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.